சோசலிசமா, கம்யூனிசமா, வேறு ஏதாவதா? ஒரு நூற்பாலையை வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி

இலங்கையின் முழுப்பெயர் இலங்கை ஜனநாயக சோசலிசக் குடியரசு. 1978 அரசியலமைப்பில் அந்தப் பெயரை எழுதி வைத்தது யார் என்று தேடினால் ஜே.ஆர். ஜெயவர்தனாவின் ஐக்கிய தேசியக் கட்சி வந்து நிற்கும். அதற்கு முந்தைய ஆண்டுதான் அந்தக் கட்சி இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்திப் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டிருந்தது. இந்திய அரசியலமைப்பின் முகப்புரையில் 'சோசலிச' என்ற சொல் 1976இல் 42ஆவது திருத்தம் வழியாக நுழைந்தது. 1991க்குப் பிறகு என்னென்ன நடந்தது என்று நமக்கே தெரியும், சொல் மட்டும் இடத்தைவிட்டு நகரவில்லை. இன்னொரு பக்கம் சோவியத் ஒன்றியத்தின் முழுப்பெயரில் 'கம்யூனிசம்' என்ற சொல்லே கிடையாது, சோசலிசக் குடியரசுகளின் ஒன்றியம் என்றுதான் இருந்தது.

ஆகவே முதல் வேலை, பெயரைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுவது.

அடுத்த வேலை, மனதுக்குள் ஓர் ஆலை கட்டுவது. கோவைப் பக்கம் ஒரு நூற்பாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 தொழிலாளிகள், மூன்று ஷிப்ட், ஒரு முதலாளி. இந்த ஆலையை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொரு நாட்டிலும் இறக்கி வைத்து நான்கு கேள்வி கேட்க வேண்டும். ஆலை யாருடையது? எந்த நம்பர் நூலை எவ்வளவு நூற்பது, என்ன விலைக்கு விற்பது என்று முடிவு செய்வது யார்? மிச்சப்படும் லாபம் யார் கைக்குப் போகிறது? மேலே இருப்பவரைப் பிடிக்காவிட்டால் கீழே இருப்பவரால் அவரை இறக்க முடியுமா? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை, என்னைக் கேட்டால் அதுதான் மற்ற மூன்றையும்விட அதிகம் சொல்லும்.

ஆலையைக் கிளப்புவதற்கு முன்னால் சொற்களைக் கொஞ்சம் சுத்தம் செய்துகொள்வோம். தமிழில் சமதர்மம், பொதுவுடைமை, சோசலிசம், கம்யூனிசம் எல்லாம் ஒரே பானையில் கிடக்கின்றன. 1932இல் பெரியார் சோவியத் பயணம் முடித்துத் திரும்பி சிங்காரவேலரோடு சேர்ந்து ஈரோட்டில் திட்டம் வகுத்தபோது புழங்கிய சொல் சமதர்மம். இன்று அதே சொல்லை ஒருவர் சோசலிசம் என்ற பொருளிலும் இன்னொருவர் 'எல்லாரும் சமம்' என்ற பொதுவான பொருளிலும் சொல்வதால், பாதி சண்டை சொல்லிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

மார்க்ஸ் 1875இல் எழுதிய ஒரு விமர்சனக் குறிப்பில் புதிய சமூகத்துக்கு இரண்டு கட்டங்கள் சொன்னார். முதல் கட்டத்தில் உழைப்புக்கு ஏற்ப பங்கு, பின்னால் வரும் உயர்ந்த கட்டத்தில் தேவைக்கு ஏற்ப பங்கு. முதல் கட்டத்துக்குச் சோசலிசம், இரண்டாவதற்குக் கம்யூனிசம் என்று பெயரைப் பிரித்துக் கொடுத்து நிலைநிறுத்தியது லெனின், 1917இல். அந்த இரண்டாவது கட்டத்தில் அரசு என்பதே உதிர்ந்து போயிருக்க வேண்டும். அந்தக் கணக்குப்படி 'கம்யூனிச அரசு' என்பதே முரண்பாடான சொல், உலகத்தில் எந்த நாடும் கம்யூனிசத்தை அடைந்ததாகத் தன்னைச் சொல்லிக்கொண்டதில்லை. 1961இல் சோவியத் தலைவர் குருஷ்சேவ் காலத்துக் கட்சித் திட்டம் இன்னும் 20 வருடத்தில் வந்துவிடும் என்று வாக்குறுதி கொடுத்தது. 1980 வந்தது, அது வரவில்லை.

நீண்ட நாள் எனக்குக் கம்யூனிசம் என்றால் கொஞ்சம் காரம் கூட்டிய சோசலிசம் என்ற கணக்குத்தான் இருந்தது. அது தப்பு. கட்சியின் பெயர் எங்கே போக விரும்புகிறது என்பதைச் சொல்கிறது, நாட்டின் பெயர் இப்போது எங்கே நிற்பதாக நினைக்கிறது என்பதைச் சொல்கிறது. அதனால்தான் சோசலிச நாட்டைக் கம்யூனிஸ்ட் கட்சி ஆண்டது.

இன்னொன்று, 'தனியுடைமை ஒழிப்பு' என்றதும் வீட்டில் இருக்கிற சைக்கிளையும் பீரோவையும் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஒரு பயம் உண்டு. பேச்சு ஆலை, சுரங்கம், நிலம், வங்கி பற்றியது, அதாவது அடுத்தவர் உழைப்பை வைத்துச் சம்பாதித்துத் தரக்கூடிய சொத்துகள். சைக்கிள் உங்களுடையதுதான்.

சரி, ஆலையைக் கிளப்புவோம்.

முதல் நிறுத்தம்: சோவியத்

1928இல் முதல் ஐந்தாண்டுத் திட்டம் ஆரம்பித்த பிறகு இறக்குகிறோம். ஆலை அரசுடையது. மேனேஜரை நியமிப்பது மேலே இருக்கும் அமைச்சகம். எத்தனை டன் நூல் என்பதை மாஸ்கோவில் இருக்கும் கோஸ்பிளான் என்ற திட்டக் குழுவின் கணக்கிலிருந்து அமைச்சகம் பிரித்துக் கொடுக்கும், பஞ்சு உஸ்பெகிஸ்தானிலிருந்து ஒதுக்கீட்டில் வரும், விலையும் மேலிருந்தே வரும். லாபம் பெரும்பாலும் கருவூலத்துக்கு. நஷ்டம் வந்தாலும் ஆலையை மூடமாட்டார்கள், எவருக்கும் வேலை போகாது. 1930லேயே வேலையில்லாத் திண்டாட்டம் ஒழிந்தது என்று அறிவித்துவிட்டார்கள்.

இங்கே நூற்பாலையில் வேலை பார்த்தவர்களுக்கு ஒன்று சட்டென்று புரியும். இலக்கை எடைக் கணக்கில் வைத்தால் மேனேஜர் என்ன செய்வார்? மெல்லிய நூலை விட்டுவிட்டுத் தடித்த நூலாக ஓட்டுவார், அதே கதிரில் அதே நேரத்தில் கிலோ அதிகம் விழும், இலக்கும் முடியும், போனஸும் வரும். சட்டைத்துணிக்கு வேண்டிய நூல் கிடைக்கவில்லை என்பது வேறு யாருடைய தலைவலியோ. இது என் கற்பனை இல்லை. டன் கணக்கில் இலக்கு வைத்ததால் சரவிளக்குகளைத் தேவையில்லாமல் கனமாகச் செய்து தள்ளுகிறார்கள் என்று குருஷ்சேவே வெளிப்படையாகக் குறைபட்டார். அப்புறம், இந்த வருடம் இலக்கைத் தாண்டிவிட்டால் அடுத்த வருடம் இலக்கை ஏற்றிவிடுவார்கள் என்பதால் மேனேஜர்கள் தங்கள் ஆலையின் உண்மையான திறனை மறைத்தே வைத்திருப்பார்கள். திட்டம் போடுகிறவரிடம் சரியான கணக்கு போகாது, போகாத கணக்கை வைத்து அடுத்த திட்டம்.

நான்காவது கேள்வி? தொழிற்சங்கம் இருந்தது, ஆனால் அது கட்சியின் கை. 1962இல் நொவொசெர்காஸ்க் நகரத்தில் இறைச்சி, வெண்ணெய் விலையேற்றத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த தொழிலாளிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. தொழிலாளி வர்க்கத்தின் அரசில் தொழிலாளியின் ஊர்வலத்துக்குக் கிடைத்த பதில் அது.

அடுத்தது யூகோஸ்லாவியா

யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோ 1948இல் சோவியத் தலைவர் ஸ்டாலினோடு முறித்துக்கொண்டார், 1950இல் தொழிலாளர் சுயநிர்வாகச் சட்டம் வந்தது. நம்மில் நிறையப் பேருக்கு இந்த மாதிரி ஒன்று இருந்ததே தெரியாது, அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஆலை அரசுடையதும் இல்லை, தனியாருடையதும் இல்லை, 'சமூகச் சொத்து'. 400 பேரும் ஓட்டுப்போட்டுத் தொழிலாளர் குழு ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள், காலப்போக்கில் மேனேஜரைத் தேர்ந்தெடுப்பதிலும் அந்தக் குழுவின் கை ஓங்கியது. என்ன நூற்பது, யாருக்கு விற்பது என்பதை ஆலையே முடிவு செய்யும். சந்தையில் போட்டி உண்டு, வந்த வருமானத்தில் சம்பளத்துக்கு எவ்வளவு, புது இயந்திரத்துக்கு எவ்வளவு என்று அவர்களே பிரித்துக்கொள்வார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? சிக்கலும் அங்கேயேதான். தீபாவளிக்கு முன்னால் நம் ஆலையில் 'இந்த வருடம் சம்பளத்தை ஏற்றலாமா, இல்லை புது ஸ்பின்னிங் ஃப்ரேம் வாங்கலாமா' என்று ஓட்டெடுப்பு வைத்தால் எது ஜெயிக்கும்? புதிதாக ஆள் எடுத்தால் பங்கு குறையும் என்பதால் உள்ளே இருப்பவர்களுக்கு ஆள் எடுக்கவும் மனசு வராது. வெளியே இருப்பவனுக்கு வேலை கிடைக்காது. 1960களில் யூகோஸ்லாவியர்கள் பல்லாயிரக்கணக்கில் மேற்கு ஜெர்மனிக்குக் கூலி வேலைக்குப் போனதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு சோசலிச நாடு தன் தொழிலாளிகளை முதலாளித்துவ நாட்டுக்கு அனுப்பி அவர்கள் அனுப்பும் பணத்தில் ஓரளவு பிழைத்தது. ஆலைக்குள் ஓட்டு இருந்தாலும் நாட்டில் ஒரே கட்சிதான் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், நான்காவது கேள்விக்குப் பாதி மார்க்.

ஸ்வீடனில் நம் ஆலை மூடப்படும்

சமூக வலைத்தளங்களில் 'ஸ்வீடன் சோசலிச நாடு' என்று எழுதாதவர் குறைவு. ஆலையை இறக்குவோம். ஸ்வீடனில் துணித்தொழில் ஊர் என்றால் போராஸ், அங்கேயே இறக்குகிறோம். முதலாளி அப்படியே இருக்கிறார். சொத்து அவருடையது, லாபம் அவருடையது, விலை சந்தையுடையது. பிறகு என்ன வித்தியாசம்? சம்பளம் அவர் இஷ்டம் இல்லை. 1938இல் சால்ட்ஷோபாடன் என்ற இடத்தில் முதலாளிகள் கூட்டமைப்பும் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டுக்கொண்டன, பின்னால் நாடு முழுக்க ஒரே பேச்சுவார்த்தையில் சம்பளம் தீர்மானிக்கும் வழக்கம் வந்தது. ஒரே வேலைக்கு ஒரே சம்பளம், அந்த ஆலை லாபத்தில் ஓடுகிறதா நஷ்டத்தில் ஓடுகிறதா என்பது பேச்சே இல்லை.

அப்படியானால் லாபம் குறைவான நூற்பாலை என்ன ஆகும்? அந்தச் சம்பளத்தைக் கொடுக்க முடியாமல் மூடும். மூடட்டும் என்பதுதான் தொழிற்சங்கத்தின் பொருளாதார வல்லுநர்கள் ரேனும் மைட்னரும் 1950களின் ஆரம்பத்தில் வகுத்த கொள்கை. அரசு ஆலையைக் காப்பாற்றாது, ஆளைக் காப்பாற்றும். வேலை போனவருக்கு உதவித்தொகை, புதுத் தொழிலில் பயிற்சி, வேறு ஊருக்குக் குடிபோகச் செலவு. போராஸின் ஆலைகள் 1950களிலிருந்து 70களுக்குள் வரிசையாக மூடப்பட்டன. ஆட்சியில் இருந்தது 1932 முதல் 1976 வரை கிட்டத்தட்ட இடைவெளியே இல்லாமல் ஆண்ட சமூக ஜனநாயகக் கட்சி. இடதுசாரி என்றால் ஆலைக் கதவு மூடாமல் காவல் காப்பவர் என்று நினைத்திருந்தால் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

இதற்குப் பெயர் சமூக ஜனநாயகம். முதலாளித்துவத்தை வைத்துக்கொண்டே வரி, சங்கம், பொதுச் சேவை மூலம் அதன் பல்லைப் பிடுங்குவது. இது சோசலிசம் ஆகும் எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்று துல்லியமாகக் காட்டும் சம்பவமும் ஸ்வீடனிலேயே நடந்தது. அதே மைட்னர் 1970களில் இன்னொரு யோசனை சொன்னார். பெரிய நிறுவனங்கள் ஆண்டு லாபத்தில் 20 விழுக்காட்டுக்கு ஈடான புதுப் பங்குகளைத் தொழிலாளர் நிதிக்குக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும், சில பத்தாண்டுகளில் நிறுவனமே தொழிலாளர் கைக்கு வந்துவிடும். அதுவரை எவ்வளவு வரி போட்டாலும் சமாளித்த முதலாளிகள் இதற்குத் தெருவில் இறங்கினார்கள். 1983 அக்டோபரில் ஸ்டாக்ஹோமில் பெரும் ஊர்வலம். நீர்த்துப்போன வடிவத்தில் சட்டம் வந்தது, 1991இல் வந்த வலதுசாரி அரசு அதையும் கலைத்துவிட்டது. வரி உயர்வுக்கும் சொத்து கைமாறுவதற்கும் உள்ள வித்தியாசம் முதலாளிகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

பக்கத்து டென்மார்க்கின் பிரதமர் ராஸ்முசென் 2015இல் ஹார்வர்டில் பேசும்போது எங்களுடையது சோசலிசத் திட்டப் பொருளாதாரம் இல்லை, சந்தைப் பொருளாதாரம்தான் என்று சொல்ல வேண்டி வந்ததும் இந்தக் குழப்பத்தால்தான்.

பார்சிலோனாவில் கொஞ்ச நேரம்

1936 ஜூலை, ஸ்பெயினில் உள்நாட்டுப் போர். பார்சிலோனா இருக்கும் கட்டலோனியாவில் சிஎன்டி என்ற அரசின்மைவாதத் தொழிற்சங்கம் ஆலைகளைக் கைப்பற்றியது. அக்டோபரில் வந்த ஆணை 100 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களைக் கூட்டுடைமை ஆக்கியது, நம் ஆலையில் 400 பேர், ஆகவே தப்பாது. முதலாளி இல்லை, அமைச்சகமும் இல்லை. தொழிலாளர் கூட்டம்தான் எல்லாம். ஒரு வருடத்துக்குள் போர்ச்சூழலிலும், சொந்த அணியிலிருந்த கம்யூனிஸ்ட்களோடு மோதியதிலும் அது நசிந்தது, 1939இல் எதிரணித் தளபதி பிராங்கோ வந்து மிச்சத்தை முடித்தார்.

அரசின்மைவாதம் என்று நான் மேலே எழுதிய அனார்க்கிசத்தைத் தமிழில் 'அராஜகவாதம்' என்று எழுதுகிறார்கள், நம் பேச்சில் அராஜகம் என்றால் அடாவடி. அந்த ஒரு மொழிபெயர்ப்பாலேயே அவர்கள் வாதத்தை நாம் காதில் வாங்கவில்லை. மார்க்ஸோடு அரசின்மைவாதி பகூனினுக்கு இருந்த தகராறு இதுதான்: அரசைக் கைப்பற்றி முதலாளியை ஒழித்தால், அரசைப் பிடித்தவர் புது முதலாளி ஆகிவிடுவார். 1872இல் தொழிலாளர்களின் உலக அமைப்பான முதலாம் அகிலத்தின் ஹேக் மாநாட்டில் பகூனினை வெளியேற்றினார்கள். மேலே நொவொசெர்காஸ்க் பற்றி எழுதியதை மறுபடி படித்தால் அந்த மனிதர் ஏதோ ஒன்றைச் சரியாகப் பிடித்திருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

சீனாவை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். 1958இல் மக்கள் கம்யூன்கள், அதைத் தொடர்ந்து கொடிய பஞ்சம், 1978இல் சந்தையை நோக்கித் திசைமாற்றம், 1992 முதல் 'சோசலிசச் சந்தைப் பொருளாதாரம்'. இன்று நம் ஆலை அங்கே தனியாருடையதாக இருக்கலாம், விலை சந்தையில், லாபம் முதலாளிக்கு, ஆனால் நகர்ப்புற நிலம் அரசுடையது, பெரிய வங்கிகள் அரசுடையவை, முதலாளியே கட்சி உறுப்பினராகவும் இருக்கலாம். வேலைநிறுத்த உரிமையை 1982இல் புது அரசியலமைப்பு எழுதியபோது எடுத்துவிட்டார்கள். இதைச் சோசலிசம் என்பதா, கட்சி ஓட்டும் முதலாளித்துவம் என்பதா? நான் இரண்டாவது பக்கம், உங்களுக்கு வேறு கருத்து இருக்கலாம்.

ஆலையைக் கோவையிலேயே விட்டிருந்தால்? 1955 ஜனவரியில் ஆவடி காங்கிரஸ் மாநாடு 'சோசலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்டது. கனரகத் தொழில்களை அரசு எடுத்துக்கொண்டது, நூற்பாலை தனியாரிடமே இருந்தது, லைசென்ஸ் மட்டும் அரசிடம். நலிந்த ஆலைகளை ஏற்று நடத்த 1968இல் தேசியப் பஞ்சாலைக் கழகம் வந்தது, 1974இல் அப்படிப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட ஆலைகள் தேசியமயம் ஆயின. கோவைக்காரர்களுக்கு 'என்டிசி மில்' என்றால் போதும். லாபத்தில் ஓடியவரை முதலாளியுடையது, நலிந்த பிறகு அரசுடையது. இதைச் சோசலிசத்தின் எந்த வகையில் சேர்ப்பது என்று எந்தத் தத்துவ ஆசிரியரும் யோசித்து வைத்திருக்கவில்லை.

எப்படி வந்தார்கள் என்பது தனிக் கேள்வி

இதுவரை பார்த்தது பொருளாதாரம். ஆட்சிக்கு வரும் வழியை வைத்தும் இடதுசாரிகள் தங்களுக்குள் பிரிந்து கிடக்கிறார்கள், இரண்டையும் கலந்துவிட்டால் மறுபடி குழப்பம். ஓட்டு வழியாகப் படிப்படியாகப் போகலாம் என்றார் பெர்ன்ஸ்டைன், சீர்திருத்தம் உதவும், ஆனால் புரட்சிக்கு மாற்றாகாது என்று எதிர்த்தார் ரோசா லுக்சம்பர்க், இரண்டு பேருமே அப்போது ஒரே ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சியில். லெனின் கட்சியின் பெயரும் 1918 வரை சமூக ஜனநாயகத் தொழிலாளர் கட்சிதான். 1914இல் பல நாட்டுச் சமூக ஜனநாயகவாதிகள் தங்கள் அரசின் போருக்குக் கைதூக்கியதும் உறவு முறிந்தது, லெனின் கட்சி கம்யூனிஸ்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது ஆண்டைப் பார்க்காமல் 'சமூக ஜனநாயகம்' என்ற சொல்லுக்குப் பொருள் கொள்ளாதீர்கள்.

ஜனநாயக சோசலிசம் என்பது சமூக ஜனநாயகத்துக்குப் பக்கத்து வீடு, ஆனால் வேறு வீடு. ஓட்டில்தான் வரவேண்டும், ஓட்டில் தோற்றால் இறங்கவும் வேண்டும், அதேசமயம் பெரிய சொத்துகளையும் பொதுவாக்க வேண்டும். சிலியில் 1970இல் ஓட்டில் வென்ற அயெண்டே மறு ஆண்டு செப்புச் சுரங்கங்களைத் தேசியமயமாக்கினார், 1973 செப்டம்பர் 11 அன்று ராணுவம் அவரைக் கவிழ்த்தது. கேரளத்தில் 1957இல் ஓட்டில் வந்த ஈ.எம்.எஸ். அரசை 1959இல் டெல்லி கலைத்தது. கம்யூனிஸ்ட் கட்சி ஆண்டது என்பதால் கேரளம் கம்யூனிச மாநிலம் ஆகிவிடாது, நாணயமும் பெரும்பாலான வரிகளும் டெல்லி கையில் இருக்கும்போது ஒரு மாநில அரசு நிலச்சீர்திருத்தமும் பள்ளிக்கூடமும் செய்யலாம், கோஸ்பிளான் நடத்த முடியாது.

ட்ராட்ஸ்கியவாதிகள், ஒரே நாட்டில் தனியாகச் சோசலிசம் கட்டி முடிக்க முடியாது, புரட்சி நாடு தாண்டிப் பரவ வேண்டும் என்பவர்கள். இலங்கையின் லங்கா சமசமாஜக் கட்சி ஒரு காலத்தில் உலகிலேயே பெரிய ட்ராட்ஸ்கியக் கட்சிகளில் ஒன்றாக இருந்தது, 1964இல் சிறிமாவோ அரசில் மந்திரி பதவி வாங்கியதும் ட்ராட்ஸ்கியவாதிகளின் உலக அமைப்பான நான்காம் அகிலம் அதை வெளியேற்றியது. மாவோயிஸ்டுகளுக்கு ஆலைத் தொழிலாளியைவிட விவசாயியும் நீண்ட ஆயுதப் போரும் மையம். இந்தியாவில் 1964இல் சிபிஐயிலிருந்து சிபிஎம், நக்சல்பாரி விவசாயிகள் எழுச்சிக்குப் பிறகு 1969இல் சிபிஐ எம்எல், இந்தக் கிளைகளெல்லாம் பெரும்பாலும் வழியைப் பற்றிய சண்டையில் முளைத்தவை, நம் ஆலையை என்ன செய்வது என்ற சண்டையில் முளைத்தவை குறைவு.

இரண்டு இடத்தில் வழுக்கும்

ஒன்று, அரசு நடத்தினால் சோசலிசம் என்று நினைப்பது. அப்படியானால் 2003இல் மதுக்கடைகளை முழுக்கத் தன் கையில் எடுத்த டாஸ்மாக்தான் தமிழ்நாட்டின் மிகப்பெரிய சோசலிசச் சாதனை. சிரிக்காதீர்கள், மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸே இந்தக் கேலியைச் செய்திருக்கிறார். புகையிலை வியாபாரத்தை அரசு எடுப்பது சோசலிசம் என்றால் நெப்போலியனையும் ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக்கையும் சோசலிசத்தின் மூலவர்களாகச் சேர்க்க வேண்டும் என்றார் அவர்.

இரண்டு, நலத்திட்டம் என்றால் சோசலிசம் என்று நினைப்பது. தொழிலாளர்களுக்கு நாடு தழுவிய கட்டாய மருத்துவக் காப்பீட்டை 1883இல் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் சான்சலர் பிஸ்மார்க். அவர் 1878இல் சோசலிசக் கட்சியின் கூட்டங்களையும் பத்திரிகைகளையும் தடை செய்த மனிதர். சோசலிஸ்டுகள் பக்கம் தொழிலாளி போய்விடக்கூடாது என்பதற்காகவே கொடுத்தார். ரேஷன் அரிசி நல்ல காரியம், பசிக்கு அரிசிதான் மருந்து, ஆனால் அதை வைத்து நான்கு கேள்விகளில் எதற்கும் விடை எழுத முடியாது.

இனி நீங்களே ஒன்று செய்து பாருங்கள். அடுத்த முறை இந்தியன் காஃபி ஹவுஸ் பக்கம் போனால், தலைப்பாகை கட்டிய சர்வர் காபி கொண்டுவரும் நேரத்தில் நான்கு கேள்வியையும் கேட்டுக்கொள்ளுங்கள். முன்பு இந்தக் கடைகளை நடத்திய அரசின் காப்பி வாரியம் அவற்றை மூடி ஆட்களை வெளியே அனுப்பியபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் முன்னின்று தொழிலாளர்களைக் கூட்டுறவுச் சங்கமாகத் திரட்டினார், 1957இல் பெங்களூரில், 1958இல் திருச்சூரில். கடை அங்கே வேலை செய்பவர்களின் சங்கத்துடையது. விலை பக்கத்து ஹோட்டலோடு போட்டி போட்டுத்தான் நிற்க வேண்டும். மிச்சம் உறுப்பினர்களுக்கு, நிர்வாகக் குழு ஓட்டில். சோவியத் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த கட்சிக்காரர் நட்டு வைத்தது, கணக்குப் போட்டுப் பார்த்தால் டிட்டோவின் தலைநகர் பெல்கிரேடு ரகம்.